மூட்டுவலிக்கு மூலிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் வலி, கைவிரல் வீக்கம், காலையில் எழுந்ததும் பிடிப்பு என்று வருகிறவர்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் வீட்டு வைத்தியத்திலும் சித்த மருத்துவத்திலும் புழங்கும் செடிகளைப் பற்றி மட்டுமே இங்கே பேச்சு. முதல் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் பதில்கள் பலவும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

மூட்டுவலின்னா எல்லாமே வாதம்தானே? எந்த மூலிகை குடிச்சா என்ன?

அப்படியில்லை. யூகி முனிவர் வாதத்தையே எண்பது வகையாகப் பிரித்தார். இன்று வீடுகளில் அதிகம் பார்ப்பது மூன்று வகை. முதலாவது தேய்மானம். ஐம்பது வயதை ஒட்டி முழங்காலில் தொடங்கும். நடந்தாலும் படி இறங்கினாலும் வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். காலைப் பிடிப்பு அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும். சித்த மருத்துவத்தில் இதை அழல் கீல்வாயு என்பார்கள். இரண்டாவது சரவாங்கி என்கிற முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது. இரண்டு கைகளின் விரல் கணுக்களும் மணிக்கட்டும் சேர்ந்து வீங்கும். காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும், ஓய்வெடுத்தால் இறுகும், அசைய அசைய விடும். மூன்றாவது யூரிக் அமில வலி. பெரும்பாலும் நள்ளிரவில் கால் பெருவிரலில் திடீரெனப் பிடிக்கும். சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகும்.

வீட்டு மூலிகை நன்றாகக் கைகொடுக்கும் இடம் முதல் வகைதான். இரண்டாவதில் அது துணைக்கு நிற்கலாம், தலைமை ஏற்கக் கூடாது. மூன்றாவதில் வலி உச்சத்தில் இருக்கும்போது வீட்டு வைத்தியத்துக்கு அதிக வேலையில்லை.

இவற்றில் சேராத ஒன்றும் உண்டு. ஒரே ஒரு மூட்டு ஓரிரு நாளில் வீங்கி, தொட்டால் சுட்டு, கூடவே காய்ச்சலும் அடித்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பற்று, ஒத்தடம், எண்ணெய் எதுவும் வேண்டாம். சில நாள் தாமதமே மூட்டை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

முடக்கத்தான்னு வேலியில இருந்து பறிச்சிட்டு வந்தேன். அதுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

காயைப் பாருங்கள். முடக்கறுத்தான் காய் மூன்று பட்டையுள்ள, காற்றடைத்த பச்சைப் பை போல இருக்கும். அழுத்தினால் ‘பட்’டென்று உடையும். உள்ளே மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. முற்றிய விதை மிளகைப் போலக் கறுத்து உருண்டிருக்கும், அதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஓர் இதய வடிவம் அச்சடித்தது போலத் தெரியும். இந்த அடையாளம் தப்பாது. காய் இல்லாத இளங்கொடியை இலையை மட்டும் பார்த்துப் பறிக்காதீர்கள். வேலியில் அதனுடன் பின்னிக்கொண்டு வேறு கொடிகளும் இருக்கும்.

பெயரைப் பற்றியும் கேட்கிறார்கள். முடக்கை அறுப்பது முடக்கறுத்தான், பேச்சில் முடக்கத்தான் ஆகிவிட்டது. இரண்டும் ஒரே கொடிதான். சாலையோரத்திலும் பூச்சிமருந்து அடிக்கும் வயலோரத்திலும் பறிக்க வேண்டாம். தொட்டியில் நான்கு விதை போட்டால் ஒரு வீட்டுக்குப் போதுமான இலை கிடைக்கும்.

அதை எவ்வளவு, எப்படிச் சாப்பிடணும்?

உணவாகச் சாப்பிடுவதே நல்லது. இரண்டு கப் இட்லி அரிசியையும் ஒரு சிறு கரண்டி வெந்தயத்தையும் நான்கு மணி நேரம் ஊறவைத்து அரையுங்கள். பாதி அரைபட்டதும் இளந்தண்டோடு இரண்டு கைப்பிடி இலையைச் சேர்த்து மைய அரையுங்கள். உப்புப் போட்டு இரவு புளிக்கவிட்டு மறுநாள் தோசை வார்க்கலாம். இலேசான கசப்பு இருக்கும். ரசமாக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் ரசம் வைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

முதல் இரண்டு மூன்று முறை வயிறு இளகிப் போகும். பலர் இதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அளவைப் பாதியாக்கினால் சரியாகிவிடும். எதிர்ப்பக்கமாக, சீக்கிரம் குணமாக வேண்டும் என்று தினமும் பச்சைச் சாறு குடித்து நீர் வற்றிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு, அதிலும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, வயிற்றுப்போக்கு மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

கசாயம் வெச்சு ஃப்ரிட்ஜுல வெச்சுக்கலாமா? தினமும் காய்ச்ச முடியல.

வேண்டாம். குடிநீர் என்று சித்த மருத்துவம் சொல்லும் கசாயத்துக்கு மரபில் குறித்த ஆயுளே மூன்று மணி நேரம்தான். சூரணத்துக்கு மூன்று மாதம், எண்ணெய்க்கு ஓர் ஆண்டு. நேரமில்லாதவர்கள் மூலிகையை நிழலில் உலர்த்தி ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு ஐந்து கிராம் அளவில் எடுத்து, 240 மில்லி தண்ணீர் விட்டு, சிறு தீயில் 60 மில்லியாக வற்றவிட்டு வடிகட்டினால் இருபது நிமிட வேலை. மாவாக அரைத்த பொடியைக் கசாயத்துக்குப் போடாதீர்கள். அடிபிடிக்கும், வடிகட்டவும் வராது.

வாதநாராயணன்னு சொல்லி சிவப்புப் பூ மரத்து இலையைக் குடுத்தாங்க. சரியா?

சரியில்லை. அது செம்மயிற்கொன்றையாக இருக்கும், பூங்காக்களிலும் சாலைகளிலும் நிழலுக்கு வைப்பது. வாதநாராயணன் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. இலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், பூவைப் பார்த்தால் குழப்பமே இல்லை. வாதநாராயணன் பூ வெள்ளையாக மலர்ந்து மறுநாள் மஞ்சளாக மாறும், நீண்ட மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பாகப் பூக்கவே பூக்காது. ‘வாதமடக்கி’ என்று கேட்டு வாங்குவதிலும் சிக்கல் உண்டு. அந்தப் பெயரைச் சிலர் இதற்கும் சிலர் தழுதாழைக்கும் சொல்கிறார்கள்.

வாதநாராயணன் இலைக்கு முடக்கறுத்தானைவிடப் பேதி குணம் அதிகம். ஒரு கைப்பிடி இலையை அடை மாவில் சேர்த்து வாரம் ஒருமுறை சாப்பிட்டாலே போதும். வெளிப்பூச்சாக, இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது இன்னும் பத்திரமானது.

நொச்சி ஒத்தடம் குடுத்தா அந்த நேரத்துக்கு நல்லாருக்கு. சரியாத்தான் செய்யறோமா?

நொச்சியில் ஒரு காம்பில் ஐந்து இலை விரல் போல விரியும், சிலவற்றில் மூன்று. அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையாக இருக்கும், கசக்கினால் மணம் மூக்கைத் துளைக்கும். நான்கு கைப்பிடி இலையை உருவிக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, இலை துவண்டு மணம் மாறும்வரை வதக்கி, கனமான பருத்தித் துணியில் இரண்டு முடிச்சாகக் கட்டுங்கள். ஒன்று சட்டியில் சூடாகும்போது மற்றொன்றால் ஒற்ற வேண்டும். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், பத்து விநாடி தாங்கினால் மூட்டில் வைக்கலாம். ஒரு மூட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அப்படியே விட்டுவிடாமல், சூடு ஆறுவதற்குள் காலை மெதுவாக இருபது முறை நீட்டி மடக்குங்கள். ஒத்தடத்தின் பயனில் பாதி அந்த அசைவில்தான் இருக்கிறது.

நீண்டநாள் சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது அவர் “சூடு தெரியலையே” என்று சொல்வதை வைத்து இன்னும் சூடாக்காதீர்கள். தோல் வெந்த பிறகுதான் தெரியவரும், அந்தப் புண் ஆற மாதங்களாகும். இவர்களுக்குச் சூட்டின் அளவை மற்றவர் கைதான் சொல்ல வேண்டும்.

எப்பவுமே சூடுதானா? ஐஸ் வெக்கச் சொல்றாங்களே.

இறுகிப் பிடித்திருக்கும் மூட்டுக்குச் சூடு. சிவந்து சுடுகிற மூட்டுக்குச் சூடு கூடாது, துணியில் சுற்றிய பனிக்கட்டி பத்து நிமிடம். யூரிக் அமில வலியில் நொச்சி ஒத்தடம் கொடுத்து வீக்கத்தைக் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வீட்டுல தைலம் காய்ச்சினேன். ஒரே வாரத்துல பூசணம் பூத்துடுச்சு. எங்க தப்பு?

தண்ணீர் முழுக்க வற்றவில்லை. கால் லிட்டர் நல்லெண்ணெய்க்குக் கால் லிட்டர் இலைச்சாறு (நொச்சி, முடக்கறுத்தான், தழுதாழை இவற்றில் ஒன்றோ கலந்தோ), அரைத்த சுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்வோம். அடிகனமான, எண்ணெயைப் போல நான்கு மடங்கு கொள்ளும் பாத்திரம் வேண்டும், ஏனென்றால் சாறு பொங்கும். தீ முழுக்கச் சிறிதாகவே இருக்கட்டும். முதலில் சலசலவென்று சத்தம் வரும், நுரை ஏறும். சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். அடங்கிவிட்டதே என்று உடனே இறக்குவதுதான் தவறு.

அடியில் தங்கும் கசண்டைக் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். சேறு மாதிரி ஒட்டினால் நீர் இருக்கிறது. மெழுகு மாதிரி திரிந்து உருண்டால் அதுவே மெழுகுப் பதம், பூச்சுக்கு ஏற்றது. மணல் மாதிரி உதிர்ந்தால் பதம் தாண்டத் தொடங்கிவிட்டது. இன்னொரு சோதனையும் செய்யலாம். அந்தக் கசண்டில் துளியைத் திரியில் தடவி எரித்தால் படபடவென்று வெடிக்கக் கூடாது. பிறகு சூடு தணியும் முன் துணியில் வடிகட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். புட்டியின் அடியில் தங்கிய ஒரு சொட்டுத் தண்ணீரே மொத்தத்தையும் கெடுத்துவிடும். இலையைச் சாறு எடுக்கும்போது தண்ணீர் தெளிக்காமல், இடித்துப் பிழிந்தால் காய்ச்சும் நேரமும் குறையும்.

பிரண்டை சாப்பிட்டா நாக்கும் தொண்டையும் அரிக்குது. தேஞ்ச ஜவ்வு வளரும்னு சொல்றாங்களேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சாப்பிடறேன்.

அரிப்புக்குக் காரணம் தண்டில் இருக்கும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். முற்றிய தண்டை விட்டுவிட்டுக் கொழுந்தில் இருந்து மூன்று நான்கு கணுவுக்குள் எடுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை வெட்டி எறிந்து, நான்கு விளிம்பிலும் நாரை உரித்து, மோரில் அரைமணி ஊறவையுங்கள். நல்லெண்ணெயில் பச்சை நிறம் பழுப்பாகும்வரை வதக்கிப் புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் அரிக்காது. அவசரமாக வதக்கினால் கட்டாயம் அரிக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட் காரணமாகவே இதைத் தவிர்ப்பது நல்லது.

எலும்பு முறிவு ஆறுவதற்கு உதவும் செடி என்று பிரண்டைக்கு நீண்ட பெயர் உண்டு, விலங்குகளில் செய்த ஆய்வுகளும் அதை ஓரளவு ஆதரிக்கின்றன. ஆனால் மக்கள் ஜவ்வு என்று சொல்வது குருத்தெலும்பு. எலும்பு வேறு, அது வேறு. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, தேய்ந்தால் பழையபடி வளர்க்கும் மூலிகை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. மாத்திரையிலும் இல்லை. வலியைக் குறைத்து நடமாட வைப்பதே நடக்கக்கூடிய இலக்கு.

மஞ்சள் பால் குடிச்சா வீக்கம் குறையுமா?

மஞ்சளில் வீக்கத்தைத் தணிக்கும் பொருள் குர்குமின். நல்ல மஞ்சள்தூளிலேயே அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு சிறு கரண்டித் தூள் மூன்று கிராம், அதில் குர்குமின் 90 மில்லிகிராம். ஆய்வுகளில் பலன் கண்ட அளவு வேறு. தாய்லாந்தில் 367 முழங்கால் தேய்மான நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் அது 1200 மில்லிகிராம் இபுபுரோஃபென் என்னும் வலி மாத்திரை அளவுக்கே வலியைக் குறைத்தது, வயிற்று உபாதையும் குறைவு. அந்த 1500-ஐச் சமையல் மஞ்சளில் எடுக்க 50 கிராம் தூள் சாப்பிட வேண்டும். அது நடக்காது.

அதனால் மஞ்சள் பாலை உணவாகக் குடியுங்கள், மருந்தாக எண்ணி மருந்தை நிறுத்தாதீர்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தனியே போனால் குடல் பெரும்பகுதியை உள்ளே விடாது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் மிளகின் காரப்பொருளான பிப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது குர்குமின் உட்கிரகிப்பு இருபது மடங்கு கூடியது. எட்டு, பத்து மிளகில் அந்த அளவு பிப்பரின் இருக்கும். குழம்பில் எண்ணெயும் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே வதங்குவது இந்த வகையில் மிகச் சரியான முறை.

அப்போ குர்குமின் மாத்திரையே வாங்கிடலாமா?

தேய்மான வலிக்கு முயன்று பார்க்கலாம். ஆனால் மிளகுச் சாறு சேர்த்து உட்கிரகிப்பைக் கூட்டிய மாத்திரைகள் உணவல்ல. மஞ்சள் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன, சிலவற்றில் பிப்பரின் கலந்திருந்தது. பசி போவது, சிறுநீர் கருமஞ்சளாவது, கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு இரத்தம் சோதிக்க வேண்டும். பித்தப்பைக் கல் இருப்பவர்கள் எடுக்க வேண்டாம்.

சாம்பிராணி சாப்பிட்டா மூட்டுவலி போகும்னு கேள்விப்பட்டேன். பூஜைக்கு வாங்கினது இருக்கு.

அதைச் சாப்பிடாதீர்கள். புகை போடும் சாம்பிராணி வேறு மரத்தின் பிசின், கலப்படமும் அதிகம். நீங்கள் கேள்விப்பட்டது பறங்கிச் சாம்பிராணி என்றும் சல்லகி என்றும் வழங்கும் பிசின். மூட்டுத் தேய்மானத்துக்கான மூலிகைகளில் ஓரளவு நல்ல சான்று உள்ளது இதற்குத்தான். காக்ரேன் அமைப்பு 2014-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதன் செறிவூட்டிய சாற்றைத் தினம் 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 90 நாளில், நூறு புள்ளி வலி அளவுகோலில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 17 புள்ளி குறைவாக வலி இருந்தது. கவனியுங்கள், அது செறிவூட்டிய சாறு. கடைப் பிசினைப் பொடித்து நூறு மில்லிகிராம் விழுங்கினால் அதே பலன் வராது.

எத்தனை நாள்ல தெரியும்?

வெளிப்பூச்சும் ஒத்தடமும் அன்றைக்கே தெரியும், அன்றோடு போகும். உள்ளுக்கு எடுப்பதை எட்டு வாரம் பாருங்கள். ஆனால் கணக்கு வைத்துப் பாருங்கள். தொடங்கும் நாளில் எத்தனை நிமிடம் வலியின்றி நடக்க முடிகிறது, எத்தனை படி ஏற முடிகிறது, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை விழுங்குகிறீர்கள் என்று மூன்று எண்களை எழுதி வையுங்கள். எட்டு வாரம் கழித்து மூன்றும் அப்படியே இருந்தால் அந்த மூலிகை உங்களுக்கு உதவவில்லை, விட்டுவிடலாம். ஒரே நேரத்தில் நான்கு மூலிகை தொடங்குகிறவர்களுக்கு எது உதவியது என்றும் தெரியாது, எது வயிற்றைக் கெடுத்தது என்றும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள்.

முழங்கால் தேய்மானத்தில் எடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து காலை நேரே நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தும் பயிற்சியைக் காலை மாலை இருபது முறை செய்கிறவருக்கு மூலிகையின் பலனும் கூடித் தெரியும்.

எனக்கு சரவாங்கி. மெத்தோட்ரெக்சேட் எடுத்தா கல்லீரல் போயிடும்னு பயமா இருக்கு. நிறுத்திட்டு மூலிகை மட்டும் எடுக்கலாமா?

நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. முதல் கேள்வியில் சொன்னபடி இது தேய்மானம் அல்ல, தாக்குதல். மூட்டு எலும்பில் அரிப்பு விழுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். அந்தக் காலத்தில் வலி மட்டும் குறைந்து உள்ளே அழற்சி நடந்துகொண்டே இருந்தால், விரல்கள் கோணிப் போகும். கோணிய விரலை எந்த மூலிகையும், எந்த மாத்திரையும் நேராக்காது. “மூலிகையில் வலி இல்லை, அதனால் நோய் இல்லை” என்று நினைப்பதுதான் இங்கே பெரிய ஏமாற்றம். அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். இரத்தச் சோதனைகளும் வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையுமே உண்மையைச் சொல்லும்.

கல்லீரல் பயம் நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் மட்டுமே எடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொன்னபடி ஃபோலிக் அமிலம், சீரான இடைவெளியில் கல்லீரல், இரத்த அணுச் சோதனை, மதுவை முழுக்க விடுவது, இவை இருந்தால் பல ஆண்டுகள் எடுப்பவர்கள் உண்டு. கூடவே முடக்கறுத்தான் தோசை, நொச்சி ஒத்தடம் தாராளமாக. குர்குமின் போன்ற செறிவு மாத்திரைகள் மட்டும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். மெத்தோட்ரெக்சேட்டும் அவையும் இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை.

சீந்திலும் அமுக்கராவும் எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுதானே, அதையாவது எடுக்கலாமா?

சரவாங்கிக்காரருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இல்லை, திசை மாறி வேலை செய்கிறது. அதைத் தூண்டும் சீந்தில் இங்கே பொருந்தாது. சீந்தில் எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, அதே இனத்தின் வேறு கொடியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றது. எப்படியானாலும், தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர் தானாக எடுக்கும் மூலிகை அல்ல அது.

அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், தைராய்டு சுரப்பையும் கூட்டக்கூடும். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

கண்வலிக்கிழங்குல யூரிக் ஆசிட் வலிக்கான மருந்து இருக்காமே? எங்க தோட்டத்துலயே இருக்கு.

இருக்கிறது, அதனால்தான் தொடக் கூடாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்கிசின் யூரிக் அமில வலிக்கு மருத்துவர்கள் எழுதும் அதே மருந்து. மாத்திரை அரை மில்லிகிராம் அளவில் வருகிறது. மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது, கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு துண்டு தின்றவர்களுக்கு முதலில் வாந்தி பேதி, பிறகு சில நாட்களில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பு. மாற்று மருந்து கைக்கெட்டும் நிலையில் இல்லை. வள்ளிக்கிழங்கோடு குழப்பிக்கொள்ளாதபடி தோட்டத்தில் குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள்.

வேற எதெல்லாம் ஆபத்து?

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி கலங்கும். இலையை மட்டும் வதக்கிக் கட்டினாலும் பால் வடிந்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. ஊமத்தை இலைப் பற்றில் உள்ள அட்ரோபின் தோல் வழியாகவும், குறிப்பாகப் புண் இருந்தால், உள்ளே போகும். வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, பிதற்றல் வரும். சேராங்கொட்டையின் எண்ணெய் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும், அதன் நஞ்சை முறித்துச் சுத்தி செய்யத் தெரிந்த மருத்துவர் கையில்தான் அது மருந்து. ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் நஞ்சு உண்டு. எண்ணெயில் அது கரையாததால் விளக்கெண்ணெய் பத்திரம், விதை பத்திரமல்ல.

மெதுவாகக் கெடுக்கும் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் ஒரே இனம், இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தை மீளாதபடி சுருக்கிவிடும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். குடித்த அன்று எதுவும் தெரியாது. யார் சொன்னாலும் உள்ளுக்கு எடுக்காதீர்கள்.

சிக்குன்குனியா வந்து மூணு மாசமாச்சு, இன்னும் விரல் மடக்க முடியல.

மூன்று மாதம் இந்தக் காய்ச்சலில் அரிதல்ல. நொச்சி ஒத்தடம், வெந்நீரில் கையை வைத்து விரலசைத்தல், முடக்கறுத்தான் எல்லாம் நல்ல துணை. ஆனால் வீக்கமும் ஒரு மணி நேரக் காலைப் பிடிப்பும் மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால் சரவாங்கிக்கான ஆர்.எஃப்., ஆன்டி சி.சி.பி. சோதனைகளைச் செய்துவிடுங்கள். இந்தக் காய்ச்சலுக்குப் பின் அது தலைகாட்டுவது உண்டு.

இரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன். மூலிகை எடுக்கலாமா?

சமையல் அளவு மஞ்சள், இஞ்சி, பூண்டு தொடரலாம், திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். செறிவு மாத்திரைகள் கூடாது. அறுவை சிகிச்சை எதற்கு நாள் குறித்தாலும் இரண்டு வாரம் முன்பே மூலிகை மாத்திரைகளை நிறுத்தி, எடுத்துவந்ததை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நல்ல மருந்தை எங்க, எப்படிப் பார்த்து வாங்கறது?

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவு இவற்றில் மருத்துவர் பார்த்துக் கொடுப்பதே முதல் தேர்வு. கடையில் வாங்கினால் உறையில் உரிம எண், தொகுதி எண், உற்பத்தித் தேதி, உட்பொருள்களின் பட்டியல், ‘சித்த மருந்து’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். ‘ரகசிய மூலிகைகள்’ என்று மட்டும் எழுதியதைக் கீழே வையுங்கள்.

பேர் ஒட்டாத ஒரு பொடி. மூணே நாள்ல வலி போச்சு. அஞ்சு மாசமா சாப்பிடறேன், முகம் உப்பிடுச்சு, சர்க்கரையும் ஏறிடுச்சு. உடனே நிறுத்திடவா?

நீங்கள் சொல்கிற அறிகுறிகள் ஸ்டீராய்டு கலந்த பொடியைக் காட்டுகின்றன. மூலிகை மூன்று நாளில் இப்படி வேலை செய்யாது என்பதை எட்டு வாரக் கணக்கில் பார்த்தோம். பசி கூடுவது, முகம் நிலா போல உருள்வது, தோல் மெலிந்து தொட்டால் கன்றிப்போவது, ஒருநாள் விட்டால் வலி இரண்டு மடங்காகத் திரும்புவது எல்லாம் அதே சேதிதான்.

இருந்தாலும் இன்றே நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போனால் உடம்பு தன் பங்கைச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சமுள்ள பொடியை உறையோடு எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு பொதுமருத்துவரைப் பாருங்கள். “இதில் ஸ்டீராய்டு இருக்கலாம், ஐந்து மாதமாக எடுக்கிறேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இரத்தத்தில் கார்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு) அளவு பார்த்து, அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, வாரம் வாரமாகக் குறைத்து நிறுத்துவார். அதுவரை கடும் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், அங்கேயும் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள்.